அக்கா பெயரில் நாலு குப்பி ரத்தம்

அலறல் கேட்டபோது காலை மணி ஒன்பது நாற்பது.

கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் அலுவலகம் அது. சாய்வு மேஜைகள், கம்ப்யூட்டர் திரைகள், சுருட்டி வைத்த தாள்கள்... அங்கே யாரும் சத்தமாகத் தும்மக்கூட மாட்டார்கள்.

அலறியது டைப்பிஸ்ட்.

விழுந்தது வரைபடக்காரி!

நாற்பத்தொரு வயது. நாற்காலியிலிருந்து இடது பக்கமாகச் சரிந்து தரையில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. இடது கை மட்டும் யார் சொல்லையும் கேட்காமல் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க்... பாதிப் பாலோடு உருண்டு கிடந்தது.

டைப்பிஸ்ட் ஆம்புலன்ஸுக்கு ஒரு போன் போட்டாள். அடுத்த போன் போலீஸுக்கு.

"சார், எங்க ஆபீஸ்ல ஒருத்தங்க விழுந்துட்டாங்க. வீட்டுக்காரர் கொடுத்த பாலைக் குடிச்சிட்டு விழுந்திருக்காங்க. அவர் மேலதான் எனக்குச் சந்தேகம் சார்..."

போனை எடுத்தது சார் இல்லை, மேடம்.

அந்த ஸ்டேஷனின் இன்ஸ்பெக்டர். விழுந்து கிடந்தவளின் கூடப்பிறந்த தங்கை!

*

இன்ஸ்பெக்டர் போய்ச் சேர்ந்தபோது அக்காவை ஆம்புலன்ஸ் கொண்டுபோயிருந்தது. கூட வந்தவர் கான்ஸ்டபிள். ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி. வாய் ஓயாத காரணத்தால் ஸ்டேஷனில் அவருக்குப் பெயர் ரேடியோ.

"மேடம், சொந்தக்காரங்க கேஸை நாமளே எடுக்கலாமா? பக்கத்து ஸ்டேஷனுக்குத் தள்ளிவிட்டுட்டா..."

"அண்ணே, கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிக்கறீங்களா?"

ரேடியோ ஆஃப் ஆனது.

டைப்பிஸ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஒரு மாசமா அவரே வந்து ஃபிளாஸ்க்கைக் கொடுத்துட்டுப் போறார் மேடம். நேத்து வாசல்ல நின்னு ஒரு பொட்டலத்தைப் பிரிச்சு வெள்ளையா என்னமோ கொட்டிக் கலக்கினார். நான் ஜன்னல் வழியா பார்த்தேன். இவங்களும் ஒரு மாசமாத்தான் ஒரு மாதிரி இருக்காங்க."

"ஒரு மாதிரின்னா?"

"கதவுல இடிச்சுக்கறாங்க. கேட்டதுக்கு வேற பதில் சொல்றாங்க. இதைப் பாருங்க."

மேஜை மேல் ஒரு தாள். ஏதோ ஒரு வீட்டின் வரைபடம். வலது பக்கம் சுவர், கதவு, ஜன்னல், படிக்கட்டு எல்லாம் அச்சு மாதிரி சுத்தமாக இருந்தன. நடுவில் ஒரு கோட்டோடு நின்றுபோயிருந்தது. இடது பக்கம்... வெறும் வெள்ளை!

"முதலாளி கேட்டாரு, பாதி வீட்டுல யாரும்மா குடியிருப்பாங்கன்னு. இவங்க முழுசாத்தான் போட்டிருக்கேன்னு சாதிக்கறாங்க."

இன்ஸ்பெக்டர் தாளை மடித்துப் பையில் வைத்தாள். பாலில் மயக்க மருந்து என்று முடிவு கட்டிவிட்டாள். அக்காவின் கணவர், அவளுடைய மாமா, நடத்துவது மருந்துக் கடை. மாத்திரைக்கு அவர் எங்கேயும் அலைய வேண்டியதில்லை.

அவளுக்கு மாமாவை ஆரம்பத்திலிருந்தே ஆகாது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. அதிகம் பேசாத ஆள், அவ்வளவுதான். பேசாத ஆளைப் போலீஸ்காரர்களுக்குப் பிடிக்காது.

டைப்பிஸ்டிடம் அவள் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அக்கா ஒரு நோயாளி. ஆறு வருடமாக. எம்.எஸ். என்று இரண்டே எழுத்தில் டாக்டர்கள் சொல்லும் நோய். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே நரம்பின் மேலுறையைத் தின்னும் நோய். அலுவலகத்தில் யாருக்கும் தெரியக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நோயை அவள் தப்பு செய்தவள் மாதிரி ஒளித்து வைத்திருந்தாள்.

தங்கையிடம் அதைவிடப் பெரிய ரகசியம் ஒன்று இருந்தது. அதை இப்போதைக்கு அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

*

மருந்துக் கடையில் ஏழெட்டு பேர் நின்றிருந்தார்கள். வெள்ளைக் கோட்டு போட்டிருந்த மாமா, ஒரு கிழவருக்கு எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று மூன்றாவது தடவையாகப் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"அக்கா ஆஸ்பத்திரியில இருக்கா."

மாமாவின் கையிலிருந்த மாத்திரை அட்டை கீழே விழுந்தது. "விழுந்துட்டாளா? எந்தப் பக்கம் கை இழுத்துச்சு?"

இன்ஸ்பெக்டர் இன்னும் ஓரடி கிட்டே வந்தாள்.

"விழுந்தான்னு நான் சொல்லவே இல்லையே மாமா?"

"இல்ல, ஒரு மாசமா..."

"கை இழுத்துச்சுன்னும் சொல்லல."

"சின்னவளே, நான் சொல்றதைக் கேளு. ஒரே ஒரு நிமிஷம். தனியா."

"தனியா எல்லாம் பேச முடியாது. எதுவா இருந்தாலும் இவர் முன்னாடி சொல்லுங்க."

மாமா ரேடியோவைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். அவள் தோளில் இருந்த நட்சத்திரங்களைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்ததை விழுங்கினார்.

"டாக்டர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். பதினோரு மணிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன். என்னை அங்க கூட்டிட்டுப் போயிடு. அப்புறம் என்ன வேணா பண்ணு."

"டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

க்ளிக்!

விலங்கு பூட்டிய சத்தம் கடைக்கே கேட்டது. கிழவர் மருந்துச் சீட்டை நீட்டியபடியே உறைந்து நின்றார். யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள்.

"கோட்டைக் கழட்டிக்கட்டுமா?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம். நடங்க."

தெருவே பார்க்க, வெள்ளைக் கோட்டோடு அவர் ஜீப்பில் ஏறினார். தலையை நிமிர்த்தவே இல்லை. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்துதான் இருந்தாள். அந்த நிமிர்வு இன்னும் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது என்று அவளுக்குத் தெரியாது.

*

மணி பன்னிரண்டு இருபது.

நரம்பு டாக்டர் ஸ்கேன் படங்களை வெளிச்சத்தில் மாட்டினார். சாம்பல் நிற மூளையில், வலது பக்கம் பின்னால், ஒரு வெள்ளைத் திட்டு.

"விஷம் எதுவும் இல்ல மேடம். ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தாச்சு. தூக்க மாத்திரைகூட இல்ல."

"அப்ப அந்தப் பால்ல வெள்ளையா கொட்டினது?"

"சத்து மாவு. நான் எழுதிக் கொடுத்ததுதான். உடம்பு இளைச்சுட்டே வந்தாங்க."

இன்ஸ்பெக்டரின் வழக்கு அங்கேயே பாதி செத்துவிட்டது. "அப்ப ஏன் விழுந்தா?"

"பழைய நோய் திரும்பிடுச்சு. மூளையில புதுசா ஒரு தாக்குதல். ஒரு மணிக்கு ஸ்டீராய்டு ஏத்த ஆரம்பிக்கறோம். பெரிய டோஸ். அஞ்சு நாள்ல எழுந்து உக்காந்துடுவாங்க."

"நிச்சயமா?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "படத்தைப் பார்த்ததும் எனக்கு வேற ஒரு பயம் வந்தது. உங்க அக்கா மாசத்துக்கு ஒரு தடவை டிரிப் போட்டுக்கறாங்களே, அது என்ன பண்ணுதுன்னு தெரியுமா?"

"நோயை அடக்குது."

"நோயை இல்ல. காவலை அடக்குது. உடம்புல இருக்கற காவல்காரங்க மூளைக்குள்ள நுழையாம கதவைச் சாத்திடுது. நரம்புக்கு நல்லது. ஆனா காவல் இல்லாத வீட்டுல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும்."

"திருடன் வருவான்."

"வெளியிலேர்ந்து வரணும்னுகூட அவசியம் இல்ல. ஏற்கெனவே பரண் மேல படுத்துக் கிடப்பான். ஒரு வைரஸ். சின்ன வயசுலேயே பாதிப் பேர் உடம்புல வந்து ஒண்டிக்கும். ஒண்ணும் பண்ணாது, சாகற வரைக்கும் தூங்கும். காவல் இல்லேன்னு தெரிஞ்சா சில பேருக்கு முழிச்சுக்கும். முழிச்சா மூளையையே அரிச்சுடும். பார்வை, பேச்சு, கை, கால்... கடைசியில உயிர்."

இன்ஸ்பெக்டர் படத்திலிருந்த வெள்ளைத் திட்டைப் பார்த்தாள்.

"அதனாலதான் டிரிப் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியும், அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவையும் ரத்தத்துல அந்த வைரஸோட தடயம் இருக்கான்னு பார்க்கறோம். இருந்தா ரெண்டு வருஷத்துக்கு மேல இதைக் கொடுக்கவே மாட்டேன். ஒவ்வொரு மாசமும் நர்ஸ் நாலு கேள்வி கேட்பாங்க. யோசனை, பார்வை, நடை, பலம்... ஏதாவது மாறியிருக்கான்னு. உங்க அக்கா நாலுக்கும் இல்லேன்னே சொல்லியிருக்காங்க."

டாக்டர் ஃபைலைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

"அந்தப் பயம் இவங்களுக்கு வேண்டாம். நாலு தடவை பார்த்தாச்சு. நாலும் நெகட்டிவ். தங்கமான ரத்தம்."

"ஒருவேளை அந்த வைரஸா இருந்து, நீங்க ஸ்டீராய்டு ஏத்தினா?"

"மிச்சம் இருக்கற கொஞ்ச காவலையும் நானே அடிச்சு விரட்டின மாதிரி. முதுகுத் தண்டு நீரை எடுத்து அனுப்பியிருக்கேன். ரிசல்ட் வர ரெண்டு நாள் ஆகும். இவ்வளவு சுத்தமான ரிப்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் சும்மா உக்காந்திருந்தா, பழைய நோய் அவங்களைப் படுக்கையில போட்டுடும். அதான் ஒரு மணிக்கே ஆரம்பிக்கறேன்."

தங்கமான ரத்தம்...

அது இன்ஸ்பெக்டரின் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது.

நாலு குப்பியும் அவளுடையது!

*

இரண்டு வருடத்துக்கு முன்பு...

அக்காவுக்கு முதலில் கொடுத்த மாத்திரை கல்லீரலைக் கெடுத்தது. கண் மஞ்சளாகி நிறுத்தினார்கள். அடுத்த மருந்தில் இடுப்பைச் சுற்றி அக்கி போட்டு, அது ஆறுவதற்குள் நிமோனியா வந்து பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நோயை அடக்க வந்த ஒவ்வொரு மருந்தும் ஒரு புது நோயைக் கூட்டிக்கொண்டு வந்தது. நடுவில் கால்கள் போய்விட்டன. ஐந்து மாதம் சக்கர நாற்காலி.

அந்த ஐந்து மாதத்தில் தங்கை எட்டிப் பார்த்தது மூன்றே தடவை. டூட்டி என்று சொன்னாள். டூட்டி இல்லை. அக்காவை மாமா குழந்தை மாதிரி தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோவதை ஒரு தடவை பார்த்துவிட்டாள். அதை இன்னொரு தடவை பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

பிறகு டாக்டர் இந்த டிரிப்பைப் பற்றிச் சொன்னார். வைரஸ் இருந்தால் கிடைக்காது என்று யாரோ அக்கா காதில் ஓதிவிட்டார்கள். அக்கா யாருக்கும் தெரியாமல் வெளியே ஒரு லேபில் ரத்தம் கொடுத்துப் பார்த்தாள். பாசிட்டிவ்!

"உன் ரத்தத்தைக் கொடுடி. என் பேர்ல. ஒரே ஒரு தடவை."

ஒரு தடவை நாலு தடவை ஆனது.

ஆஸ்பத்திரி லேபில் அடையாள அட்டை காட்டாமல் யாருக்கும் ஊசி குத்த மாட்டார்கள். அப்படி ஒரு சட்டம். ஆனால் டூட்டிக்கு நடுவில் யூனிஃபார்மோடு போய் நின்றவளைப் பார்த்ததும் ரத்தம் எடுக்கும் பெண் எழுந்து நாற்காலி போட்டாள். போலீஸிடம் போய் அடையாள அட்டை கேட்பதா? பெயரும் பிறந்த தேதியும் மட்டும் கேட்டாள். அக்காவின் பிறந்த தேதியைத் தங்கைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? சீட்டில் அக்கா மாதிரியே கையெழுத்தும் போட்டாள்.

சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டை வேறு பெயர் சொன்னது. நாலு தடவையும் அதை யாரும் படிக்கவில்லை.

மூன்றாவது மாதம் அக்கா எழுந்து நடந்தாள். தங்கை தன்னைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

அதை நினைத்தபோதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

*

அக்கா கண் திறந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் கட்டிலின் இடது பக்கம் போய் நின்றாள்.

"அக்கா."

அக்காவின் கண்கள் அவளைத் தேடின... வலது பக்கமாகவே தேடின. இரண்டடி தள்ளி நிற்கும் தங்கை அவளுக்குத் தெரியவில்லை!

இன்ஸ்பெக்டர் கட்டிலைச் சுற்றி வலது பக்கம் வந்தாள்.

"எப்ப... வந்தே?"

"இப்பதான்க்கா."

"அவர் எங்க?"

இன்ஸ்பெக்டர் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"பாவம்... மூணு நாள் முன்னாடி... அந்தப் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துட்டார்." அக்காவுக்கு ஒவ்வொரு சொல்லும் கல்லைப் புரட்டுவது போல வந்தது. "கேட்டார். சொல்லிட்டேன். டாக்டர்கிட்ட போலாம்னு கெஞ்சினார். நான்தான்... இந்த பிளானை முடிச்சிட்டு வரேன்னு..."

"மாமாவுக்கு எல்லாம் தெரியுமா?"

"ம்." அக்காவின் வலது கை தங்கையின் கையைப் பிடித்தது. "சொல்லிடாதே. டிரிப்பை நிறுத்திடுவாங்க. மறுபடி அந்த நாற்காலி... அவர் என்னைத் தூக்கும்போது மூச்சு வாங்கும்டி. சத்தம் வராம வாங்குவார். எனக்குக் கேக்கக் கூடாதுன்னு... வெக்கமா இருக்கும்."

"அக்கா..."

"உன் வேலையும் போயிடும். சொல்லாதே."

நர்ஸ் எட்டிப் பார்த்து, மணி பன்னிரண்டு முப்பத்தைந்து என்றும், பேசியது போதும் என்றும் சொன்னாள்.

*

வராந்தாவில் ஒரு பெஞ்சு. இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தாள். எதிரே, கையை எப்படிக் கழுவ வேண்டும் என்று படம் போட்ட ஒரு போஸ்டர். அதை எட்டுத் தடவை படித்தாள்.

ஆள் மாறாட்டம். பொய்க் கையெழுத்து. ஆஸ்பத்திரியை ஏமாற்றியது. இதையெல்லாம் செய்தவர்களை அவளே உள்ளே தள்ளியிருக்கிறாள். என்ன தண்டனை என்று அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாளைக் காலை செய்தியில் அவள் முகம் வரும். ஸ்டேஷனில் அவளைக் கண்டால் எழுந்து நிற்பவர்கள் நாளைக்கு உட்கார்ந்தபடியே பார்ப்பார்கள்.

பாக்கெட்டில் போன் அடித்தது. ரேடியோ! கட் செய்தாள்.

டாக்டரின் அறைக் கதவு வரை போனாள். கைப்பிடியைத் தொட்டாள். திரும்பி வந்தாள்.

மணி பன்னிரண்டு நாற்பத்திரண்டு.

மறுபடி போன். கட்.

வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தாள். பெயர் சொல்லாமல் டாக்டருக்குப் போன் செய்தால்? ரிப்போர்ட் தப்பாக இருக்கலாம் என்று கோடி காட்டினால்? லேப் மேல் பழியைப் போட்டால்? அக்காவின் மூளையை உள்ளே வைரஸ் அரித்துக்கொண்டிருக்க, இவள் தன் தோள் நட்சத்திரத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் எழுந்திருக்க முடியவில்லை.

மூன்றாவது தடவை போன். அணைத்தே விட்டாள்.

ஒரு நர்ஸ் தட்டில் பாட்டிலோடு அவளைக் கடந்து போனாள். தெளிவான திரவம். அக்காவின் பெயர் ஒட்டியிருந்தது.

மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து!

இன்ஸ்பெக்டர் ஓடினாள். நர்ஸ் பக்கம் இல்லை, டாக்டர் அறைப் பக்கம். கதவைத் தட்டாமல் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"டாக்டர், அந்த ஸ்டீராய்டை ஏத்தாதீங்க..."

கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

டாக்டர் நின்றபடியே போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா, பாட்டிலைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க. வேண்டாம். பிளாஸ்மா மாத்தற மெஷினை ரெடி பண்ணுங்க. ரத்தத்துல இருக்கற மருந்தை முழுசா வெளியேத்தணும். உடனே!"

எதிர் நாற்காலியில் வெள்ளைக் கோட்டோடு, விலங்கோடு... மாமா!

பக்கத்தில் ரேடியோ.

"போன் எடுக்கல மேடம் நீங்க. மூணு தடவை அடிச்சேன். இவர் லாக்கப்ல தலையைக் கம்பியில முட்டிக்கறாரு, அர்ஜென்ட்னு. அதான் அப்படியே தூக்கிட்டு பின்வாசல் வழியா வந்துட்டேன். வாசல்ல ரெண்டு பேஷன்ட் இந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்து டாக்டரையே கைது பண்ணிட்டாங்கன்னு பயந்து வீட்டுக்குப் போயிட்டாங்க."

டாக்டர் போனை வைத்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

"மேடம், உங்க மாமா ஒரு அயோக்கியத்தனம் பண்ணியிருக்கார். ரெண்டு வருஷமா உங்க அக்கா பேர்ல தன்னோட ரத்தத்தைக் கொடுத்திருக்கார். மருந்துக் கடை வெச்சிருக்கற மனுஷன்! இவரே இப்ப வந்து சொன்னார்."

இன்ஸ்பெக்டர் மாமாவைப் பார்த்தாள்.

மாமா நேராக அவள் கண்ணைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் நிமிர்ந்தது அப்போதுதான். லேசாகத் தலையை அசைத்தார். வேண்டாம் என்று. பேசாதே, போ என்று.

"ஆமா டாக்டர்," என்றார். "நாலு தடவையும் நான்தான். அவளை நடக்க வெக்கணும்னு ஒரு ஆசை. வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல."



ஸ்டீராய்டு நின்றுவிட்டது. அக்காவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். இனி இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. குற்றவாளி ஒப்புக்கொண்டாகிவிட்டது. விலங்குகூட ஏற்கெனவே பூட்டியாகிவிட்டது. அவள் செய்ய வேண்டியதெல்லாம் அவரைத் திட்டுவது... அப்புறம் ஜீப்பில் ஏற்றுவது.

எவ்வளவு சுலபம்!

காலையில் எல்லார் முன்னாலும் அவர் கையில் விலங்கு பூட்டியது நினைவுக்கு வந்தது. தனியாக ஒரு நிமிஷம் கேட்டாரே... அது அவருக்காக இல்லை. கான்ஸ்டபிள் முன்னால், தெரு முன்னால், அவள் மானம் போகக் கூடாது என்பதற்காக. அந்த ஒரு நிமிஷத்தை அவள் கொடுக்கவில்லை. அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடையிலேயே அவள் கதை முடிந்திருக்கும்.

இவள் இருபது நிமிஷம் போஸ்டர் படித்துக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்றார்," என்றாள்.

"சின்னவளே, சும்மா இரு."

"பொய் சொல்றார் டாக்டர். அது என் ரத்தம். நாலு குப்பியும் என்னோடது. லேப்ல போய்க் கேளுங்க. யூனிஃபார்ம் போட்ட பொம்பளையை அவங்க மறந்திருக்க மாட்டாங்க."

ரேடியோவின் வாய் தானாகத் திறந்தது. சத்தம் வரவில்லை. அவர் சர்வீஸிலேயே முதல் தடவை.

டாக்டர் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "கொஞ்சம் முன்னாடி இதே இடத்துல உக்காந்து என்கிட்ட அத்தனை கேள்வி கேட்டீங்களே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எழுந்து போனீங்களா?"

"போனேன்."

"வெக்கமா இல்ல?"

"இருக்கு டாக்டர்." அவள் குரல் உடைந்தது. "பொழுதன்னிக்கும் ஊர்க்காரங்களைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேக்கறவ நான். இதுக்கு இப்படித்தான் வலிக்கும்னு இன்னிக்குத்தான் தெரியுது."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"என் மேலயும் தப்பு இருக்கு. பேப்பரைப் பார்த்த அளவுக்கு நான் அவங்களைப் பார்க்கல."

"என் அக்கா பிழைப்பாளா?"

"வாய்ப்பு இருக்கு. மருந்தை வெளியேத்தினதும் காவல் திரும்பி வரும். வரும்போது அதுவே ஒரு கலவரம் பண்ணும். அதைத் தாண்டணும். ரெண்டு மூணு மாசம் ஆகும். இடது பக்கப் பார்வை திரும்புமான்னு கேட்டா... எனக்குத் தெரியாது. நடப்பாங்களான்னும் தெரியாது."

இன்ஸ்பெக்டர் பையிலிருந்த வரைபடத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பாதி வீடு. டாக்டர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஃபைலில் சேர்த்துக்கொண்டார்.

அவள் மாமாவின் பக்கத்தில் மண்டியிட்டு விலங்கைத் திறக்கப் பார்த்தாள். சாவி துளைக்குள் நுழையாமல் அதைச் சுற்றி வட்டம் போட்டது.

"மெதுவா," என்றார் மாமா. "ஏன் சொன்னே? எனக்கு வேலை போகாது. கடை என்னுது. நீதான் உத்தியோகத்துல இருக்கறவ."

"மாமா, தயவுசெஞ்சு என்னைத் திட்டுங்க."

"திட்டறதுக்கு நேரம் கிடக்கு. அவ கண்ணு முழிச்சா பக்கத்துல யாராவது இருக்கணும். வலது பக்கமா நில்லு, அப்பதான் தெரியும் அவளுக்கு."

க்ளிக்.

மாமா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். சிவப்பாக ஒரு வளையம் பதிந்திருந்தது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க போங்க மாமா. அவ தேடறா. நான்... இந்த அண்ணன்கூட ஸ்டேஷனுக்குப் போகணும்."

அவர் அவள் தலையில் ஒரு நிமிடம் கையை வைத்தார். பிறகு போய்விட்டார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தாள். பெயர்ப்பட்டையைக் கழற்றினாள். பெல்ட்டைக் கழற்றினாள். இரண்டையும் டாக்டரின் மேஜை மேல் வைத்தாள். திறந்த விலங்கை ரேடியோவிடம் நீட்டி, இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"எழுதிக்கோங்க அண்ணே. ஆள் மாறாட்டம், பொய்க் கையெழுத்து, தப்பு பண்ணாத ஆளைக் கைது பண்ணினது. ஒண்ணையும் விடாதீங்க."

ரேடியோ விலங்கை வாங்கவில்லை. நோட்டை எடுத்தார். பேனாவைத் திறந்தார். மூடினார். காதைச் சொறிந்தார்.

"எழுதறேன் மேடம். ஆனா ஒரு சின்ன சிக்கல் இருக்கு."

"என்ன சிக்கல்?"

"கேஸைப் பதிவு பண்ணணும்னா ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் உத்தரவு வேணும். அவங்க இப்பதான் அரெஸ்ட் ஆகியிருக்காங்களாம்."